கண்ணாடிப் பெட்டிக்குள் ஹார்பர் லைன்

அப்பா,

இன்று காலை அத்தானிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. உங்கள் மூத்த மாப்பிள்ளைதான். நெருளில் உட்கார்ந்துகொண்டு ஊர் உலகத்துக்கெல்லாம் ஆலோசனை வழங்குகிறவர். "மாமா கம்ப்யூட்டர்ல இருக்கிற கிராஃபிக்ஸ் கார்டு சும்மாத்தானே கிடக்கு? கழட்டி வை, சண்டே வந்து எடுத்துக்கறேன்" என்று எழுதி, கீழே கும்பிடும் கைகளையும் ஒரு மெழுகுவர்த்தியையும் ஒட்டியிருந்தார். துக்கம் விசாரித்துக்கொண்டே வீட்டுச் சாமானைக் கண்ணால் அளக்கிற ஆட்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துவிட்டு அளக்கிறவர் இவர் ஒருவர்தான். 'முடியாது அத்தான்' என்று பதில் போட்டுவிட்டேன். அம்மா பார்த்திருந்தால், மாப்பிள்ளையிடம் இப்படியா பேசுவது என்று நெஞ்சில் கை வைத்திருப்பாள்.

பதில் போட்ட கையோடு பெட்டியின் பக்கக் கண்ணாடியைக் கழற்றினேன். கார்டு பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்கத்தான். உள்ளேயிருந்து சூடேறி ஆறிய தூசியின் வாடை வந்தது. அதோடு நீங்கள் நெற்றியில் பூசிக்கொள்கிற யூகலிப்டஸ் தைலத்தின் வாடையும் வந்தது. அந்தக் காற்றாடிகள் செம்பூர்த் தூசியோடு உங்களையும் சேர்த்து உள்ளே இழுத்து வைத்திருக்கின்றன. கொஞ்ச நேரம் முகத்தை அங்கேயே வைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் பார்த்திருந்தால், "என்னளா, பெட்டிக்குள்ள மூஞ்சிய விட்டுக்கிட்டு?" என்று சிரித்திருப்பீர்கள். உங்களுக்கே உரிய இளக்காரச் சிரிப்பு அது.

செத்துப்போனால் எல்லாரும் தங்கமாகிவிடுகிறார்கள். உங்களுக்காக நடந்த ஜெபக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, நீங்கள் சாந்தமே உருவானவர் என்று சாட்சி சொன்னார். நான் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அழுகிறேன் என்று நினைத்துப் பக்கத்தில் இருந்த அக்காள் முதுகைத் தடவினாள். நீங்களா சாந்தம்? மும்பை ஹார்பர் லைனில் லோக்கல் ரயில் ஓட்டிய மோட்டார்மேன் நீங்கள். உங்களுக்கு மேலே ஆண்டவர், கீழே மற்ற எல்லாரும். ஆட்டோக்காரன் உங்களுக்குக் கொசு. கார் வைத்திருந்த மாடி வீட்டுக்காரர் 'ஸ்டியரிங் பிடிச்ச பொணம்'. விமானம் ஓட்டுகிறவனைக்கூட நீங்கள் விட்டுவைக்கவில்லை. "அவனுக்கென்ன, ஆகாசத்துல எவன் குறுக்க வாரான்? காலையில குர்லாவுக்குள்ள வண்டியக் கொண்டாரச் சொல்லு பாப்போம்" என்பீர்கள். அம்மாவின் பொறுமை அக்காளுக்குப் போனது. எனக்கு உங்கள் வாய் வந்தது.

நீங்கள் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் கண்ணில் கோளாறு தெரிந்தது. பார்வையின் இடது ஓரம் கரைந்துகொண்டு வந்தது. கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கெடுகிறது, போன பார்வை திரும்பாது, இருப்பதைக் கொஞ்ச காலம் இழுத்துப் பிடிக்கலாம் என்றார் டாக்டர். வெளியே வந்ததும் நீங்கள் சொன்னது, "அவரே சோடாபுட்டி கண்ணாடி போட்டிருக்காரு, என் கண்ணப் பத்திச் சொல்ல வந்துட்டாரு." ஆனால் அன்று வீடு வரும்வரை ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, தண்டவாளத்தின் ஓரத்துக் கம்பங்களையே பார்த்துக்கொண்டு வந்தீர்கள்.

நான் மாட்டுங்காவில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுகிறவள். பட்டுப்புடவை கட்டிய பொய்களை மெதுவாக நடக்க வைப்பதுதான் என் பிழைப்பு. நாளெல்லாம் கம்ப்யூட்டரோடு கிடக்கிற எனக்கு, ரயில் ஓட்டும் விளையாட்டு ஒன்று கண்ணில் பட்டது. யாரோ ஒரு ரயில் பைத்தியம் நம் ஹார்பர் லைனை ஸ்டேஷன் ஸ்டேஷனாக வரைந்து அதில் சேர்த்திருந்தான். போனில் அதன் படத்தைக் காட்டினேன். நீங்கள் வழக்கம்போல் உதட்டைப் பிதுக்கவில்லை. போனை மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னீர்கள்: "கண்ணு இருக்கும்போதே ஒருக்கா முழுசா ஓட்டிரணும்ளா. மான்குர்துல எடுத்து, லைன் முடியுற வி.டி. வரைக்கும்." நீங்கள் வாய் திறந்து எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் கேட்டீர்கள்.

அப்படிப்பட்ட விளையாட்டை இழுக்கிற கம்ப்யூட்டரை நம்மைப் போன்றவர்கள் கடையில் ஒரே பெட்டியாக வாங்க முடியாது. கையில் இருப்பதற்குள் பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்துப் பூட்டிக்கொள்ள வேண்டும். எதில் கூட்டுவது, எதில் குறைப்பது என்பதுதான் அதில் சூட்சுமமே. அதை என்னிடம் விட்டிருக்கலாம். அம்மா விடவில்லை. "மாப்பிள்ள ஐ.டி.யில இருக்காவ. அவுக வாங்குனா எல்லாம் சரியா இருக்கும்" என்று நெருளுக்குப் போன் போட்டுவிட்டாள். டாக்டரைக் குருடன் என்ற நீங்கள், விமானியை வெறும் பயல் என்ற நீங்கள், மாப்பிள்ளை என்ற சொல்லைக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டீர்கள். நம் ஆட்களுக்கு அது ஒரு நோய். நம் வீட்டில் பெண் எடுத்தவர் சொல்லிவிட்டால், எட்டுக்கு முன்னால் ஏழு வராது என்றாலும் தலையாட்டுவோம்.

அத்தான் ஐ.டி.யில் இருப்பது உண்மைதான். அங்கே அவர் செய்வது, யார் எப்போது வேலையை முடிப்பார்கள் என்று மற்றவர்களிடம் கேட்டுக்கொண்டே இருப்பது. கம்ப்யூட்டரின் உள்ளே என்ன இருக்கிறதென்று அவர் பார்த்ததில்லை. அதனாலோ என்னவோ, உள்ளே பார்க்க முடிகிற கண்ணாடிப் பெட்டியைத்தான் முதலில் வாங்கினார். பிறகு அந்தக் கண்ணாடிக்குள் ஜொலிக்க வேண்டும் என்பதற்காகக் கலர் கலராய் எரியும் காற்றாடிகள், எரியும் மெமரி, எரியும் கீபோர்டு, தண்ணீரில் குளிர்விக்கிற ஒரு குழாய்ச் சமாச்சாரம். அதுவும் எரிந்தது. பந்தயக் கார் ஓட்டுகிறவன் உட்காரும் நாற்காலி ஒன்றும் வந்தது. படத்தைத் திரையில் வரைய வேண்டிய கிராஃபிக்ஸ் கார்டுக்கு வந்தபோது கை காலியாகிவிட்டது. பேருக்கு ஒரு பழைய கார்டைக் கடையில் செருகினார்கள். திரையோ வளைந்து, பளபளவென்று, ட்யூப்லைட்டையும் நம் முகத்தையும் திருப்பிக் காட்டியது. பெட்டிக்குள் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கிற பவர் சப்ளை, பெட்டியோடு இனாமாக வந்தது. கல்யாண மண்டபத்து வாசலை அலங்கரித்துவிட்டு, சாப்பாட்டுக்கு அரிசி வாங்க மறந்த கதை.

சபை ஐயர் வந்து, "இந்தப் பெட்டியையும் இதை உபயோகிக்கும் கரங்களையும் ஆசீர்வதியும்" என்று ஜெபித்துவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போனார். அத்தான் பொத்தானை அமுக்கினார். பெட்டி பச்சையாகி, ஊதாவாகி, சிவப்பானது. நீங்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தீர்கள்.

"மாப்பிள்ள, லைனுக்கே நாலு சிக்னல்தான், செவப்பு, ஒத்தை மஞ்சள், ரெட்டை மஞ்சள், பச்சை. இதுல இத்தனை கலர் எரியுதே, எந்தக் கலருக்கு நான் நிக்கணும்?"

"மாமா, அது சும்மா லுக்குக்கு. கவலையில்லாம பிந்தாஸ் ஓட்டுங்க" என்றார் அத்தான். அவருக்கு அது புரியவில்லை. புரியாதது ஒரு வகையில் அவருக்கு நல்லது.

ஓட்டினீர்கள். மான்குர்து, கோவண்டி, செம்பூர் வரை ஏதோ போனது. செம்பூரில் நம் கட்டிடம் தெரிகிறதா என்று அம்மா எட்டிப் பார்த்தாள். குர்லாவுக்குப் பிறகு படம் விக்கல் எடுக்கத் தொடங்கியது. மரம் பாதி வந்து நின்றது, பிறகு மீதி வந்தது. வடாலாவுக்கு முன்னால் உள்ள வளைவில் ஒரு சிவப்பு சிக்னல் இருந்திருக்கிறது. அதைத் தாண்டிவிட்டீர்கள். திரை இருண்டு, சிக்னலை மீறிவிட்டீர்கள் என்று எழுத்து வந்தது.

நீங்கள் இரண்டு கைகளையும் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டீர்கள். வேலை பார்த்த காலம் முழுவதும் நீங்கள் ஒரு சிவப்பைத் தாண்டியதில்லை. தாண்டியவர்களை அன்றே வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள், பிறகு விசாரணை. அப்படி இறக்கப்பட்டவர்களைப் பற்றி நம் வீட்டில் நீங்கள் பேசிய பேச்சை நான் இங்கே எழுத முடியாது.

"கேம்தானே மாமா, ரீஸ்டார்ட் பண்ணுங்க" என்றார் அத்தான்.

"வண்டியில ரீஸ்டார்ட் உண்டா மாப்பிள்ள? நான் இறங்கிட்டேன்" என்று எழுந்து பால்கனிக்குப் போனீர்கள்.

வேடிக்கைக்குச் சொல்கிறீர்கள் என்று எல்லாரும் நினைத்தார்கள். நீங்கள் நிஜமாகவே உங்களைப் பணியிடை நீக்கம் செய்துகொண்டீர்கள். அதன் பிறகு அந்தப் பக்கமே திரும்பவில்லை. அம்மா பெட்டிக்கு ஒரு பூப்போட்ட துணியைப் போர்த்தினாள். சொட்டு மருந்து விடும்போது அவளிடம், "தகுதியில்லாதவனுக்கு எதுக்கு மருந்து" என்று சொன்னீர்களாம். உங்கள் கண் ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்க, நீங்களாகவே போட்டுக்கொண்ட சஸ்பென்ஷன் இன்னொரு பக்கம் நீண்டுகொண்டிருந்தது. இதைவிட மடத்தனமான ஒன்றை நான் பார்த்ததில்லை. உலகத்தையே ஏளனம் செய்த மனிதருக்குத் தன்னை ஏளனம் செய்யக் கிடைத்த வாய்ப்பு, விடுவாரா?

விசாரணை இல்லாமல் தண்டனையா என்று நான்தான் கேட்டேன். ஒரு ஞாயிறு, கோயில் முடிந்து, கறிக்குழம்புச் சாப்பாட்டுக்குப் பிறகு அதே மேஜையில் விசாரணை வைத்தோம். குற்றவாளி நீங்கள், அதிகாரியும் நீங்களே. உங்களுக்காக வாதாட நான். சாட்சி அத்தான், பல் குத்திக்கொண்டு. கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்த அந்த ஓட்டத்தை மறுபடி ஓட்டிக் காட்டினேன். சிக்னல் கம்பம் தூரத்தில் இல்லவே இல்லை. வண்டி பக்கத்தில் போன பிறகு திடீரென்று முளைத்தது.

"அத்தான், இந்தக் கார்டு எப்ப வந்த மாடல்?"

"கம்பெனி நல்ல கம்பெனி."

"எப்ப வந்ததுன்னு கேட்டேன்."

"அரே, கார்டுல என்ன இருக்கு? டோட்டல் பேக்கேஜைப் பாரும்மா."

நீங்கள் தீர்ப்பு சொன்னீர்கள்: "வண்டி மேல பழி போடுதவன் மோட்டார்மேனே இல்ல." அத்தான் தலையாட்டினார், அவரைக் காப்பாற்றிவிட்டீர்கள் என்று அவருக்கு நினைப்பு. ஆனால் எல்லாரும் எழுந்த பிறகு என் கையைப் பிடித்து நிறுத்தி, யாருக்கும் கேட்காமல் கேட்டீர்கள்: "சிக்னல் நெசமாவே லேட்டாத்தான் வந்துச்சாளா? என் கண்ணு இல்லையே?" உங்கள் குரலில் பயத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்தது. கண் இல்லை அப்பா, கார்டுதான் என்றேன். அதை நிரூபித்தே தீருவது என்று எனக்கு ஒரு வெறி பிடித்தது.

கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கிற லேமிங்டன் ரோடுக்கு நாம் இருவர் மட்டும் போனோம். அங்கே போய்விட்டால் உங்களுக்கு உயிர் வந்துவிடும் என்று எனக்குத் தெரியும். ஏளனம் செய்ய அவ்வளவு இருக்கிறது. கடைக்காரர் உங்களைப் பார்த்ததும் எரிகிற கார்டு ஒன்றை எடுத்து வைத்தார். "லைட்டிங் பீ ஹை, அங்கிள்." விளக்கும் எரியுமாம்.

"திவாலி ஹோ கயா" என்று, தீபாவளி முடிந்துவிட்டதை அவருக்கு நினைவூட்டினீர்கள்.

பிறகு யாரோ வைத்திருந்த பழைய கார்டு ஒன்றைக் காட்டினார். பெரியது, மலிவு. "ஒன்லி ஆபீஸ் யூஸ்" என்றார்.

நீங்கள் என்னிடம் தமிழில் கேட்டீர்கள்: "இது கேம் விளையாடுதவன் வாங்குற கார்டுதானே? ஆபீஸ்ல இத வச்சு என்ன செஞ்சாவ, கணக்கு எழுதுனாவளா? எந்த லைன்ல ஓடுச்சின்னு தெரியாத வண்டிய நான் எடுக்க மாட்டேன்." கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. உங்கள் முகம் தெரிந்தது. கார்டை உள்ளே வைத்துவிட்டார்.

புதியதில், ஒரு படி குறைந்த, விளக்கில்லாத கார்டு எடுத்தோம். இனாமாக வந்த பவர் சப்ளையைத் தூக்கிப் போட்டுவிட்டு நல்லதாக ஒன்று. அதில் மட்டும் நீங்கள் பேரம் பேச விடவில்லை. "மேல கம்பியில கரண்டு சரியா வரலேன்னா எந்த வண்டியும் வெறும் டப்பா" என்றீர்கள். வளைவு, பளபளப்பு இரண்டும் இல்லாத ஒரு பெரிய திரையையும் வாங்கினோம். வளைந்ததை நான் ஸ்டூடியோவில் தள்ளிவிட்டேன். பெட்டியை மட்டும் மாற்றவில்லை. அது மாப்பிள்ளை கொடுத்த கண்ணாடிப் பெட்டி, மாற்றினால் அம்மா சாப்பிட மாட்டாள். விளக்குகளின் ஒயரை மட்டும் பிடுங்கி வைத்தேன். அத்தான் வருகிற அன்று காலையில், "மாப்பிள்ள வாராவ, லைட்டு ஒயரக் குத்து" என்று அம்மா குரல் கொடுப்பாள். அவர் கோவண்டி ரயில்வே கேட்டைத் தாண்டும்போதே அவருக்கு மரியாதையாக இங்கே எரியத் தொடங்கிவிடும்.

மறுபடி ஓட்ட ஒரு ஞாயிறு ஏற்பாடானது. கேட்டால் நம்ப மாட்டார்கள், ஷூ போட்டுக்கொண்டு உட்கார்ந்தீர்கள். படம் விக்கவே இல்லை. மான்குர்து சேறு தெரிந்தது, குர்லாவின் கூட்டம் தெரிந்தது, கடைசிவரை நீங்கள் கோலிவாடா என்றே சொன்ன குரு தேக் பகதூர் நகர் தெரிந்தது. வடாலா வளைவு வந்தது. இடது ஓரத்தில் கம்பம், அதன் தலையில் சிவப்பு, தூரத்திலிருந்தே தெளிவாக. வேகம் குறைந்தது. கம்பத்துக்கு நன்றாக முன்பே வண்டி நின்றது.

அத்தான் கை தட்டினார். "நான் அப்பவே சொன்னேன் மாமா, கண்ணுல ஒண்ணும் இல்ல, மெஷின் பிராப்ளம்னு." எப்போது சொன்னார் என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. ஆனாலும் ஜெயித்த சந்தோஷத்தில் விட்டுவிட்டேன். அம்மா எல்லாரையும் பாயசத்துக்குக் கூப்பிட்டாள். நீங்கள் எழுந்திருக்கவில்லை. நான் பக்கத்தில் போனதும் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்:

"சிக்னல நான் பாக்கலளா. அங்க இருக்கும்னு தெரியும். அதான் நின்னேன்."

நான் திரையைப் பார்த்தேன். இடது ஓரத்தில் சிவப்பு அப்படியே எரிந்துகொண்டிருந்தது. "இப்ப தெரியுதா?" என்றேன். தலையை முழுக்க இடது பக்கம் திருப்பினீர்கள். "ம், இப்ப தெரியுது" என்றீர்கள்.

எல்லாப் பாகமும் சரியாக இருந்தது அப்பா. யாரைத் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. அத்தானின் கார்டு மோசம்தான், ஆனால் அது மட்டுமே காரணமில்லை. அவரை வெறுத்துத் தீர்த்தால் உங்கள் கண் வந்துவிடும் என்பதுபோல அத்தனை நாளும் வெறுத்திருக்கிறேன்.

"மாப்பிள்ளைக்குத் தெரிய வேண்டாம்" என்றீர்கள். "பரிதாபப்படுவாவ. என்னால அது ஆவாது."

நான் நாற்காலியை இழுத்து உங்கள் இடது பக்கத்தில் போட்டேன். நான் பார்த்துச் சொல்கிறேன், நீங்கள் ஓட்டுங்கள் என்றேன். உங்கள் மூக்கு விடைத்தது. மெயில் வண்டிகளில் டிரைவருக்குப் பக்கத்தில் உதவிக்கு ஒருவர் உட்கார்ந்து சிக்னலைச் சத்தமாகச் சொல்லுவார், டிரைவர் அதைத் திருப்பிச் சொல்லுவார், அதுதான் அங்கே முறை என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. "ஒரு வெளக்கப் பாக்க ரெண்டு ஆளு. மோட்டார்மேன் அப்பிடி இல்லளா, ஒத்தையில ஓட்டுதவன்" என்றீர்கள். பாயசம் ஆறிக்கொண்டிருந்தது. உள்ளே அத்தான் முந்திரி கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சிவப்பு மாறியது.

"மஞ்சள்" என்றேன்.

"என்ன மஞ்சள்? ஒத்தையா, ரெட்டையா? மொட்டையா மஞ்சள்னா என்னத்தப் புரியும்?"

"ஒரு மஞ்சள்."

"ஒரு மஞ்சள்" என்று திருப்பிச் சொல்லி வண்டியை எடுத்தீர்கள்.

அன்று வி.டி. வரை போனோம். அதன் பிறகு எத்தனையோ முறை போனோம். நான் சொல்லச் சொல்ல நீங்கள் திருப்பிச் சொல்லுவீர்கள். நான் தாமதித்தால், "தூங்குதியா? ஒன்னையெல்லாம் எவன் வேலைக்குச் சேத்தான்?" என்பீர்கள். அத்தான் வருகிற அன்று மட்டும் நான் சொல்ல மாட்டேன். உங்கள் தோளை விரலால் தொடுவேன். ஒரு தட்டு, இரண்டு தட்டு. அவர் பின்னால் நின்று தன் கலர் விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். வலது ஓரமும் போன பிறகும், நடுவில் ஒரு வளையல் அளவுக்கு மிச்சமிருந்த பார்வையை வைத்துக்கொண்டு ஓட்டினீர்கள். மழைக்காலத்தில் நெஞ்சுச் சளி வந்து ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை ஓட்டினீர்கள்.

அடக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்: "கம்ப்யூட்டர் நான்தான் செலக்ட் பண்ணிக் கொடுத்தேன். கடைசி வரைக்கும் மாமா தன் கண்ணால பாத்து, தனியா ஓட்டினாரு. இவகிட்ட வேணா கேளுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "ஆமா அத்தான்" என்றேன். என் வாழ்நாளில் அவர் சொன்ன ஒன்றை நான் ஒத்துக்கொண்டது அன்றுதான்.

இப்போதும் ஹார்பர் லைனில்தான் வேலைக்குப் போகிறேன். முடிந்தால் லேடீஸ் பெட்டியில் வாசலோரம் இடது பக்கம் நிற்பேன். கம்பம் வரும்போது வாய் தானாகச் சொல்லிவிடுகிறது, மொட்டையாக அல்ல, ஒழுங்காக. நேற்று கோலிவாடா நெருங்கும்போது "ரெண்டு மஞ்சள்" என்றேன். பக்கத்தில் நின்றவள் காதிலிருந்து இயர்போனை எடுத்து, "க்யா போலா?" என்று, என்ன சொன்னேன் எனக் கேட்டாள். உங்களைப் போலவே ஒரு பார்வை பார்த்தேன், அவள் திரும்பிக்கொண்டாள். பிறகு, நீங்கள் திருப்பிச் சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதற்குள் அடுத்த கம்பம் வந்துவிட்டது.